ஏற்றத்தில் வண்டி பின்னால் போகிறதா? எட்டுக்கும் அதே பயிற்சிதான்

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) வசிக்கிறேன். வயது 34. கணவரின் 100 சிசி கியர் பைக்கில் பழகி வருகிறேன். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்கி மூன்று வாரம் ஆகிறது. சமமான இடத்தில் ஓட்டிவிடுகிறேன். ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் என்ஜின் அணைந்து வண்டி பின்னால் போகிறது. ஓட்டுநர் தேர்வுக்காக எட்டு வடிவில் வண்டியைச் சுற்றி எட்டு போடும்போதும் கால் தரையில் பட்டுவிடுகிறது. கீழே சமவெளியில், மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கிப் பழகிவிட்டு வரலாமா? ஸ்கூட்டரில் தேர்வுக்குப் போனால் சுலபம் என்றும் சொல்கிறார்கள். மகளைப் பள்ளியில் விடுவதற்காகத்தான் கற்றுக்கொள்கிறேன்.

பதில்: மேட்டுப்பாளையம் போக வேண்டாம், சகோதரி. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது உங்கள் இடது கைக்கு இன்னும் பிடிபடவில்லை. பின் பிரேக்கை வலது கால் இன்னும் நம்பவில்லை. சமவெளியில் கிளட்சைச் சட்டென்று விட்டாலும் வண்டி எப்படியோ நகர்ந்துவிடும், பிழை வெளியே தெரியாது. ஏற்றத்தில் அது உடனே தெரிந்துவிடும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், கீழே இழுப்பதுபோல் அதே என்ஜின் இங்கே இழுக்காது. அங்கே கை பழகும் ஆக்சிலரேட்டர் அளவை இங்கே வந்து மறுபடியும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஏற்றத்துக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் என்ஜின் சத்தம் ஒரு படி தணியும். வண்டி முன்னே போகத் துடிக்கும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். அங்கேயே கையை நிறுத்தி, மறுபடியும் அழுத்துங்கள். பார்க்காமலே கை அந்த இடத்துக்குப் போய் நிற்கும்வரை இதையே செய்யுங்கள். லீவரின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்காவது தளர்வு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் இறுகிய வண்டியில் யார் பழகினாலும் தடுமாறத்தான் செய்வார்கள்.

அடுத்து, வாகனப் போக்குவரத்தும் பக்கத்தில் வடிகாலும் இல்லாத ஒரு சிறு ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். நிற்கும்போது இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். புதிதாகப் பழகுபவர்கள் பலரும் பயத்தில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு முன் பிரேக்கைப் பிடித்துத் தொங்குகிறார்கள். அப்போது அதே வலது கைதான் பிரேக்கையும் விட வேண்டும், ஆக்சிலரேட்டரையும் முறுக்க வேண்டும். வண்டி பின்னால் போவது அந்த நொடியில்தான். தவிரவும், ஏற்றத்தில் பாரம் பின் சக்கரத்தின் மேல் விழுகிறது. ஈர மண்ணும் சில்வர் ஓக் சருகும் கிடக்கும் இடத்தில் முன் பிரேக் மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வலது கால் பின் பிரேக்கை அழுத்தியபடி இருக்க, ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூட்டி, கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை விடுங்கள். சத்தம் தணிந்ததும் கையை அசைக்காமல் ஒரு நொடி பொறுங்கள். பிறகு பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வண்டி பின்னால் ஓர் அங்குலமும் போகாது. கிளட்சை முழுவதும் விடுவது வண்டி நகர்ந்த பிறகுதான்.

எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். நம் மலைச் சாலைகளில் தார் முடியும் விளிம்புக்கு அப்பால் மண் தாழ்ந்திருக்கும். ஓரம் போகிறேன் என்று விளிம்பை ஒட்டி நிறுத்தினால் இடது கால் பள்ளத்தைத் தேடும். வண்டி அந்தப் பக்கமே சாயும். கால் முழுவதும் தாரில் படும்படி நிறுத்துங்கள். உதவிக்கு வரும் கணவர் வண்டிக்குப் பின்னால் நிற்கவே கூடாது, பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும்.

இதே கிளட்சும் பின் பிரேக்கும்தான் எட்டுக்கும் வேண்டும். முதல் கியரில் ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, வேகத்தைக் கிளட்சாலும் பின் பிரேக்காலும் மட்டும் கூட்டிக் குறையுங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அப்படியே சாய்ந்துவிடும். கால் இறங்குவதற்கு முதல் காரணம் அது. இரண்டாவது காரணம் கண். முன் சக்கரத்தைப் பார்த்தால் வண்டி தள்ளாடும். திரும்ப வேண்டிய வளைவின் மறுமுனையைத் தலையைத் திருப்பிப் பாருங்கள், வண்டி தானே அங்கே போகும். கற்களை அடையாளமாக வைத்துப் பெரிய வட்டமாகத் தொடங்கி, நாளுக்கு நாள் அவற்றை நெருக்கி வையுங்கள். அரை கிளட்சில் வெகுநேரம் சுற்றினால் கிளட்ச் தட்டு சூடாகிவிடும் என்பதால் இடையிடையே ஓய்வு கொடுங்கள்.

தேர்வு மைதானத்தில் பெரும்பாலும் எட்டைத்தான் பார்ப்பார்கள் என்று ஏற்றத்தை விட்டுவிடாதீர்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-ஆவது விதி, தேர்வில் பார்க்க வேண்டிய திறமைகளை வரிசையாகச் சொல்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பதும், இறக்கத்தில் விரைவாகக் கீழ் கியருக்கு மாற்றுவதும் அதிலேயே இருக்கின்றன. நீலகிரிக்காரர்களுக்கு இவை அன்றாடத் தேவை.

இறக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு இறங்கும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். கியரில் இருக்கும் என்ஜின்தான் இறக்கத்தில் பாதி பிரேக். அது இல்லாவிட்டால் முழுச் சுமையும் பிரேக் மீது விழும். தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி அதன் பிடிப்பு குறைந்துவிடும். செங்குத்தான இறக்கத்தில் இரண்டாவது கியர் போதும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போய்க் கிளட்சைப் பிடிக்காதீர்கள். குறுகலான இடத்தில் மேலே ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குகிறவர்தான் ஓரத்தில் நின்று வழிவிட வேண்டும். பஸ் திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும் என்பதால், ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள்.

ஸ்கூட்டரில் தேர்வு எழுதினால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே உரிமம் கிடைக்கும். வீட்டில் இருப்பதோ கியர் பைக், ஆகவே அது உங்களுக்குப் பயன்படாது. மகளை இப்போதே பின்னால் உட்கார வைக்காதீர்கள். எல்.எல்.ஆர். இருக்கும்வரை, உரிமம் உள்ள, கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும்.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் தேர்வு. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். ஆகவே முதல் வாய்ப்புக்கே ஓட வேண்டியதில்லை. ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது தயக்கமில்லாமல் வந்த பிறகு தேதி பதிவு செய்யுங்கள். தேர்வன்று பழகிய அதே வண்டியில் போங்கள். காலைக் குளிரில் என்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எட்டின் நடுவே அணைந்துவிடும். முதல் முறை தேறாவிட்டால் 7 நாள் கழித்து மறுபடியும் போகலாம்.