கிராண்ட் வந்த பிறகுதான் சொல்வீர்களா?

கேள்வி: பெங்களூரு மல்லேஸ்வரத்தில் வசிக்கிறேன். வயது 39. பேடண்ட் (காப்புரிமை) வழக்கறிஞர். ஆஸ்திரேலியா பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) விசாவுக்கு அழைப்பு வந்து, விண்ணப்பமும் போட்டாகிவிட்டது. போலீஸ் சான்றிதழுக்காக ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். பாஸ்போர்ட் வேலை என்று சொல்லிவைத்திருந்ததால் அம்மாவே அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார். கிராண்ட், அதாவது விசா அனுமதி, வந்த பிறகு அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம், அப்புறம் அவரையும் அங்கே அழைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். அக்காக்கள் இருவரும் கோவையில். இப்போதே வேலையை விட்டுவிட்டு, அங்கே தொழில் செய்யத் தேவையான பாடங்களைப் படிக்கலாமா?

பதில்: விடாதீர்கள். விசா வேறு, வக்கீல் தொழில் செய்யும் அனுமதி வேறு. நம் ஊர்ச் சட்டப் படிப்பை அங்குள்ள மாநில வாரியம் பார்த்து, இன்னும் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும். அதுவரை சம்பளம் வேண்டும். நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான்.

இனி அந்தக் காபிக்கு வருகிறேன். மகன் ஊரைவிட்டுப் போவதற்கான காகிதத்துக்கு வந்த ஆளுக்கு, அது தெரியாமலே காபி ஆற்றிக் கொடுத்திருக்கிறார் உங்கள் அம்மா. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடிதத்தில் இதை ஏதோ வேடிக்கைபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தம்பி.

இந்த விசாவுக்குப் புள்ளி போட்டுத்தான் ஆளை எடுக்கிறார்கள்; அழைப்பு வரும் முன்பே 40 ஆகியிருந்தால் வயதுக்கான புள்ளி 25-லிருந்து 15-ஆகக் குறைந்திருக்கும். அந்த அவசரம் புரிகிறது. ஆனால் சென்னை கிண்டியில் உள்ள பேடண்ட் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போட்டால்கூட 18 மாதத்தில் அதை ஊரறிய வெளியிட்டுவிடுகிறார்கள். வெளியிட்ட பிறகு, கிராண்ட் ஆகும் முன்பு, யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். தினமும் உங்கள் கையில் புரளும் சட்டம் இது. முன்பின் தெரியாத கம்பெனிக்கு இருக்கும் அந்த உரிமை பெற்றவளுக்குக் கிடையாதா? "கிராண்ட் வந்த பிறகு" என்றால் அவர் வாயைத் திறக்கவே கூடாது என்றுதானே அர்த்தம்?

அடுத்தது, அழைத்துக்கொள்ளலாம் என்கிறீர்களே, அது. அங்கே பெற்றோருக்கான நிரந்தர விசாவுக்கு ஒரு கணக்கு உண்டு: பிள்ளைகளில் பாதிப்பேராவது அங்கே குடியிருக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் மூவர். அங்கே ஒருவர், இங்கே இருவர். எப்படிப் பார்த்தாலும் தேறாது. பணம் கட்டி, மூன்று வருடமோ ஐந்து வருடமோ தங்கவைக்கும் தற்காலிக விசா இருக்கிறது. எல்லாம் சேர்த்துப் பத்து வருடம்தான். அப்புறம் அந்த வயதில் அவர் திரும்பி எங்கே வருவார்? கோவைக்கு. அக்காக்களிடம் கேட்டீர்களா? அவர்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பிய வீடுகள் நம்மில் எத்தனையோ. ஆனால் கேட்டுவிட்டுப் போவதுதான் பிள்ளைக்கு முறை. அவர் அழலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். "போய்ட்டு வாடா" என்று உடனே சொல்லவும் கூடும், அப்போது அழப்போவது நீங்கள்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அக்காக்களை பெங்களூருக்கு வரச் சொல்லுங்கள். அன்றைக்குக் காபியை நீங்கள் போடுங்கள். வந்த போலீஸ்காரர் எதற்காக வந்தார் என்பதிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.