நோட்டில் ஒன்றும் இல்லையே?

வணக்கம் சார். என் மகன் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் நோட்டை எடுத்துப் பார்த்தேன், மொத்தமே இரண்டு பக்கம்தான். கேட்டால் "பாட்டு பாடினோம், குச்சி எண்ணினோம்" என்கிறான். ஒரே டீச்சர், மூன்று வகுப்பும் ஒரே அறை. பக்கத்து வீட்டுக் குழந்தை நர்சரியில் யூகேஜியிலேயே பக்கம் பக்கமாக எழுதுகிறாள். பள்ளியை மாற்றிவிடலாமா?
ஒரு வாசகி, நீடாமங்கலம்

அன்புள்ள சகோதரி,

அவசரப்படாதீர்கள். மன்னார்குடிப் பக்கம் நண்பர் ஒருவர் ஆசிரியராக இருக்கும் பள்ளியில், சம்பா நடவு நேரம், ஒரு வாரம் போய் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை 32-இல் 17 போனால் எவ்வளவு என்று பலகையில் போட்டார். பாதிப் பேர் 25 என்றார்கள். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்துவிட்டார்கள், பெரியதிலிருந்துதானே சின்னது போகும்! நோட்டில் எழுதியிருந்தால் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருக்கும், அவ்வளவுதான். இவர் தப்பு என்றே சொல்லவில்லை. ரப்பர் பேண்டு போட்ட மூன்று பத்துக் கட்டு ஈர்க்குச்சியும் இரண்டு உதிரிக் குச்சியும் நடுவில் வைத்து, "எனக்குப் பதினேழு குச்சி கொடுங்க" என்றார். ஒரு கட்டு வந்தது. இன்னும் ஏழு வேண்டும், கிடப்பதோ இரண்டு. எல்லோரும் முழித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னப் பெண், "கட்டைப் பிரிச்சிடலாமா சார்?" என்றாள். பிரித்தார்கள், ஏழைக் கொடுத்தார்கள், மிச்சம் ஒரு கட்டும் ஐந்து குச்சியும். அடுத்த இரண்டு நாளும் வேறு வேறு எண்ணை வைத்து இதே விளையாட்டு. வியாழக்கிழமைதான் நோட்டைத் திறந்தார்கள், அதுவும் அரைப் பக்கம். நாமெல்லாம் "பக்கத்தில் கடன் வாங்கு" என்று எதற்கென்றே தெரியாமல் போட்ட கணக்கு இது.

காலை உணவு பற்றியும் சொல்ல வேண்டும். 2023-இல் நம் திருக்குவளையில் தொடங்கி மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கினார்களே, அதுதான். விடியும் முன்னே நடவுக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு முதல் பாடவேளை வீணாகாமல் இருக்கிறதென்றால் பாதிக் காரணம் அந்த உப்புமாவும் சாம்பாரும்.

ஒரே டீச்சர் என்ற உங்கள் கவலை நியாயமானது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பங்கு போட்டால் இப்படித்தான் ஆகும். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் இதற்குத் தோதாக, எந்த வகுப்பு என்று பார்க்காமல் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறது. யோசனை நல்லதுதான். ஆனால் மதிப்பீட்டைச் செல்போன் செயலியில் ஏற்றுவதற்கு ஆசிரியர் சிக்னல் தேடி வாசலுக்கும் அறைக்கும் நடப்பதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அது பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய நேரம்.

நோட்டில் எத்தனை பக்கம் என்பதை விடுங்கள். பள்ளிக்கு ஒரு நடை போய், பையன் தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை என்று டீச்சரிடம் தனித்தனியாகக் கேளுங்கள், பயிற்சி நூலையும் வாங்கிப் பாருங்கள். அரையாண்டுத் தேர்வு முடியட்டும். அப்போதும் எழுத்துக் கூட்டி ஒரு வரி வாசிக்கத் திணறினால் எழுதுங்கள், வேறு பள்ளி பற்றி அப்புறம் பேசலாம்.