வெண்டைக்காயா, வல்லாரையா, பி12-ஆ? முதுமையில் மூளைக்கான சாப்பாடு: கேள்வி பதில்

முதியோர் மருத்துவப் பிரிவு ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். ஞாபகமறதி, சாப்பாடு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன். உங்கள் மாத்திரைகளை மாற்றுவது மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான்.

கேள்வி (63 வயது, தஞ்சாவூர்): வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று வளர்த்தார்கள். இப்போது பேத்தி வல்லாரை மாத்திரை வாங்கித் தருகிறாள். எது உண்மை?

வெண்டைக்காய் எங்கள் கொல்லையிலேயே காய்த்தது அம்மா. அப்படியும் பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் தட்டுத்தடுமாறித்தான் தேறினேன்! வல்லாரை நல்ல கீரை, துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் அது ஒன்றே மறதியைத் தடுக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. மாத்திரைக்குச் செலவழிக்கும் காசில் அரைக்கீரை, சிறுகீரை, முருங்கை என்று மாற்றி மாற்றி வாங்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கேள்வி (மகன், கோவை): அம்மாவுக்கு 71. சுத்த சைவம். சர்க்கரைக்கு 12 வருடமாக மெட்ஃபார்மின். ஆறு மாதமாகச் சொன்னதையே சொல்கிறார். நடக்கும்போது செருப்பு கழன்றுபோனாலும் தெரிவதில்லை. வயசுதானே?

வயசு என்று விட்டுவிடாதீர்கள் தம்பி. அந்தச் செருப்புதான் எனக்கு உறுத்துகிறது. சர்க்கரையாலும் பாதம் மரத்துப்போகும். ஆனால் மறதியும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது வைட்டமின் பி12. இந்தச் சத்து கீரை, காய், பருப்பு எதிலும் இல்லை. முட்டை, மீன், இறைச்சியில் உண்டு, பால் தயிரில் கொஞ்சம் உண்டு. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் உடம்பு பி12-ஐ உறிஞ்சுவதும் குறையும். நெஞ்செரிச்சலுக்கு தினமும் ஒமெப்ரசோல் போட்டால் இன்னும் குறையும். உங்கள் அம்மாவுக்கு இரண்டு மூன்று வாசலும் ஒரே நேரத்தில் அடைபட்டிருக்கலாம்.

ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், கூடவே தைராய்டும். பி12 குறைவால் வந்த மறதி என்றால் ஊசியோ மாத்திரையோ போட்டால் பெரும்பாலும் தேறும். தாமதித்தால் நரம்புச் சேதம் முழுதாகச் சரியாகாமலும் போகலாம். சோகை என்று ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுப்பதிலும் ஆபத்து உண்டு: ரத்தம் சரியாகிவிட்டது போலிருக்கும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், பழைய சோற்றிலேயே வேண்டிய பி12 இருக்கிறது என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி உட்கார வேண்டாம். மாத்திரையில் உள்ள பி12 நுண்ணுயிர்களைக் கொண்டு தயாராவது, அதனால் சைவர்களும் சாப்பிடலாம். கேப்சூல் என்றால் அதன் ஓடு சைவமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (58 வயது, சென்னை): மூளையைக் காக்கும் என்று சொல்லப்படும் ‘மைண்ட்’ உணவுமுறைக்கு ஆலிவ் எண்ணெய், புளூபெர்ரி எல்லாம் வேண்டுமாமே? எங்கே போவது?

சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மோரிஸ் குழுவினர் 2015-இல் வெளியிட்டது அது. 923 முதியவர்களைக் கவனித்ததில், இதை ஒட்டிச் சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் என்னும் மறதி நோய் குறைவாக வந்தது. பிறகு 604 பேரை இரண்டாகப் பிரித்து மூன்று வருடம் சோதித்தார்கள். 2023-இல் முடிவு வந்தபோது, இந்த உணவுக் குழுவுக்கும், வழக்கமான சாப்பாட்டையே கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்ட குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் செய்தி ஓடிய அளவுக்கு இரண்டாவது ஓடவில்லை.

அதனால் புளூபெர்ரிக்கு அலைய வேண்டாம். கீரை, பருப்பு, கைப்பிடி வேர்க்கடலை, கொய்யா, வாரம் இரண்டு நாள் மத்தியோ கானாங்கெளுத்தியோ. மீனைக் குழம்பு வையுங்கள், பொரிக்காதீர்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காயைக் கூட்டுங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் ஒரே இலையில் வேண்டாம். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். உயர் ரத்த அழுத்தம் மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். எனக்கு புளூபெர்ரியைவிட அந்தக் கவலைதான் பெரிது.

கேள்வி: காலையில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்தால் மறதி போகுமா?

போகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கெட்ட கொழுப்பு ஏறும். தாளிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மருமகள், திருநெல்வேலி): மாமாவுக்கு 78. பல் போனதிலிருந்து ரசம் சாதம்தான். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சில ராத்திரி சாப்பிடாமலே படுக்கிறார். விடிகாலையில் உளறுகிறார்.

இது அவசரம். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும். மூளைக்குப் போகும் எரிபொருளே அதுதான். உளறும்போது சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். எப்படியிருந்தாலும் இன்றே மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு, குழைய வெந்த பாசிப்பருப்பு, முட்டை சாப்பிடுவார் என்றால் மசித்த முட்டை, தயிர். பல்செட்டுக்கு அளவெடுக்கவும் அழைத்துப் போங்கள்.

கேள்வி: மீன் எண்ணெய் மாத்திரை?

மறதியைத் தடுக்க என்று அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது. மார்க்கெட்டில் மத்தி வந்திருக்கிறதா பாருங்கள்.