பழைய மைதானத்துக்கு லீக் ஆட்டம்: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஊர் நடுவே உள்ள எங்கள் பழைய மைதானத்தை டி20 லீக் ஆட்டங்களுக்கு விடப்போவதாகப் பேச்சு. ராத்திரி முழுக்க ஒலிபெருக்கி அலறினால் சட்டப்படி தடுக்க முடியுமா?

பதில்: முடியும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஓசை எழுப்பும் வெடியும் கூடாது. ஆண்டுக்கு 15 நாள் வரை 12 மணி வரை நீட்டிக்கலாம் என்பது கலை, சமய விழாக்களுக்கான சலுகை. ஐபிஎல் இரவு ஆட்டம் 7.30-க்குத் தொடங்கி 11-ஐத் தாண்டும். ஆக, சிக்கல் வருவது கடைசி ஒரு மணி நேரத்தில்தான். ரசிகர்களின் கூச்சலை யாராலும் அடக்க முடியாது, டி.ஜே. பெட்டியை அணைக்க முடியும். அதை அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள்.

குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். உங்கள் தெருவில் வண்டிச் சத்தமே அதைத் தாண்டக்கூடும். எனவே ஆட்ட நாளில் அளப்பதோடு, ஆட்டமில்லாத ஒரு நாளிலும் அதே ஜன்னலருகே, அதே நேரத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அளக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் ‘இது ரோட்டுச் சத்தம்’ என்று தள்ளிவிடுவார்கள். செல்போன் செயலி காட்டும் எண் ஆதாரமாக நிற்காது. இன்னொன்று: மனிதக் காதுக்கு ஏற்ப அளக்கும் வழக்கமான ‘ஏ’ அளவீட்டில் ‘பேஸ்’ எனும் தாழ்ந்த அதிர்வொலி குறைவாகவே பதிவாகும். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, மீட்டரோ அமைதியாக இருக்கிறது என்றால் காரணம் அதுதான். அந்தத் தாழ்ந்த ஒலியையும் காட்டும் ‘சி’ அளவீட்டிலும் எடுக்கச் சொல்லுங்கள்; ஸ்பீக்கர்கள் வீடுகளைப் பார்த்து நிற்கக்கூடாது என்றும் கேளுங்கள்.

பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்தால் 100 மீட்டர் சுற்றளவை அமைதி மண்டலமாக்கலாம். ஆனால் 2017-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அரசு அறிவிக்கை வந்தால்தான் அது செல்லும். இப்போதே மனுக் கொடுங்கள்.

கேள்வி: மைதானத்தைச் சுற்றி எல்லாமே சந்துகள். பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் என்ன ஆகும்?

பதில்: உங்கள் பட்டியலில் இதையே முதலில் வையுங்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 11 பேர் இறந்தது உள்ளே அல்ல, வாயில்களுக்கு வெளியே. கணக்கு எளிது. பிரிட்டன் மைதானங்களில் பின்பற்றும் அளவுப்படி, சமதரையில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம், படியில் 66 பேர். 8 நிமிடத்தில் எல்லோரும் வெளியேற வேண்டும். 10,000 பேருக்கு மொத்தம் சுமார் 15 மீட்டர் வாயில் அகலம் தேவை. ‘பாதுகாப்பு’ என்று சொல்லி இரண்டு கேட்டைப் பூட்டினாலே இது குலைந்துவிடும். வாயில் அகலமாக இருந்து, அதற்கு எதிரே ஆறு மீட்டர் சந்து என்றால் நெரிசல் தெருவுக்கு மாறுகிறது, அவ்வளவே. வாயில்தோறும் எதிரே உள்ள தெருவின் அகலத்தை, நிறுத்தியிருக்கும் பைக்குகளையும் டிரான்ஸ்பார்மரையும் கழித்து, நாடா பிடித்து அளந்து வரைபடத்தில் குறியுங்கள்.

சேப்பாக்கத்தில் வாலாஜா சாலை, பெல்ஸ் ரோடு எனக் கூட்டம் பிரிந்து போக வழி உண்டு; பறக்கும் ரயில் நிலையம் அடுத்தே இருக்கிறது, அரசினர் தோட்டம் மெட்ரோவும் நடை தூரத்தில். அந்த வசதி இல்லாத ஊரில் ஆம்புலன்ஸுக்கென ஒரு தெருவைக் காலியாக ஒதுக்காமல் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: ஃபிளட்லைட் வெளிச்சம் படுக்கையறைக்குள் அடிக்காதா?

பதில்: விளக்கைச் சாய்வாகத் திருப்பினால் அடிக்கும். வீடுகள் பக்கம் மறைப்புத் தகடு போடவும், ஆட்டம் முடிந்தபின் துப்புரவுக்குப் பாதி விளக்கு மட்டும் எரியவும் கேளுங்கள். வெளிச்சம் எதுவரை சிதறும் என்று காட்டும் வரைபடம் விளக்கு ஒப்பந்தக்காரரிடம் இருக்கும்; அதை வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: காலையில் நடப்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வெளியே நிற்க வேண்டியதுதானா?

பதில்: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நடக்கும். ஆண்டுக்கு எத்தனை ஆட்ட நாள், அதற்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் மூடல், ஓடுதளத்தின் மேல் மேடையோ கிரேனோ வருமா என்பவை எண்ணாகவே இருக்க வேண்டும். புதிய கேலரி கட்டுவார்களானால் கட்டட அனுமதி முதலில். 2011 உலகக் கோப்பைக்காகச் சேப்பாக்கத்தில் எழுந்த ஐ, ஜே, கே கேலரிகள் அனுமதிச் சிக்கலில் பல ஆண்டு பூட்டிக் கிடந்ததை ஊரே பார்த்தது. ஒப்பந்த வரைவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கையெழுத்தாகும் தேதிக்கு அதைவிடக் குறைவான நாளே இருந்தால் காத்திராமல் கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுத்து, பகுதி சபையில் தீர்மானமாகப் பதியுங்கள்.