தாத்தாவின் கடிதத்தை இணையத்தில் ஏற்றலாமா?

வாசகர் கேள்வி – பதில்: குடும்ப வரலாறும் பதிப்புரிமையும்

ஊர் ஊராக அலைந்து எங்கள் குடும்பத்தின் ஏழு தலைமுறைக் கொடிவழியைத் தயாரித்தேன். ஒன்றுவிட்ட தம்பி அதை அப்படியே எடுத்துத் தன் பெயரில் இணையத்தில் போட்டுவிட்டார். இது காப்புரிமை மீறல்தானே?
– வாசகர், காரைக்குடி

நீங்கள் சொல்வது பதிப்புரிமையை. காப்புரிமை என்ற சொல்லைப் பேட்டண்ட்டுக்கும் (கண்டுபிடிப்புக்குத் தரப்படும் உரிமை) பயன்படுத்துவதால் குழப்பம் வருகிறது.

யாருக்கு யார் பிள்ளை, எந்த வருடம் கல்யாணம், எந்த ஊரில் காலமானார் என்பவை வெறும் தகவல்கள். தகவலுக்குச் சொந்தக்காரர் கிடையாது. 'பாடுபட்டுச் சேர்த்தேன்' என்பது மட்டும் போதாது. சேர்த்ததில் ஓரளவாவது சொந்தத் திறமையும் முடிவும் தெரிய வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி – மோடக் வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பெயரையும் தேதியையும் அவர் எடுத்ததற்கு வழக்குப் போட முடியாது. ஆனால் 'பூட்டனார் ஏன் ஊரைவிட்டுக் கிளம்பினார்' என்று நீங்கள் எழுதிய குறிப்பு உங்களுடையது. அதை வரிக்கு வரி எடுத்திருந்தால் மீறல்தான். 1894 என்பதை 1849 என்று நீங்கள் தவறாகத் தட்டச்சு செய்து, அதே தவறு அவர் பக்கத்திலும் இருந்தால், எங்கிருந்து எடுத்தார் என்பது தெரியும். ஆனால் அதனால் அந்த வருடம் உங்கள் சொத்தாகிவிடாது.

இரண்டு பக்கங்களையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்கள் வாக்கியங்களை மட்டும் தனியே குறித்துத் தம்பிக்கு அனுப்புங்கள். மசியவில்லை என்றால், அந்தப் பக்கத்தைத் தாங்கும் இணையதளத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். 2013 பதிப்புரிமை விதிகளின்படி அவர்கள் 36 மணி நேரத்துக்குள் அதை மறைக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். பெரும்பாலும் 'தொகுத்தவர் இன்னார்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும் சண்டை இது.

1950–60களில் மும்பையில் வேலை பார்த்த தாத்தா ஊருக்கு எழுதிய இன்லாண்ட் லெட்டர்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அவர் 1971இல் காலமானார். ஸ்கேன் செய்து வெளியிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

காகிதம் வேறு, அதில் உள்ள எழுத்து வேறு. பெட்டி உங்கள் வீட்டில் இருப்பதால் காகிதம் உங்களுடையதாக இருக்கலாம். எழுத்தின் உரிமை எழுதியவருக்கு, அவருக்குப்பின் அவர் வாரிசுகளுக்கு.

'இறந்து 60 வருடம்' என்று பலரும் விரல்விட்டு எண்ணுவார்கள். வாழ்நாளில் வெளியானவற்றுக்கு அந்தக் கணக்கு சரி. ஆசிரியர் இருந்தவரை வெளிவராத எழுத்துக்குக் கணக்கே வேறு: முதன்முதலில் வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்துதான் 60 ஆண்டு ஆரம்பிக்கும். அதாவது, நீங்கள் வெளியிட்ட பிறகுதான் கடிகாரமே ஓடத் தொடங்குகிறது.

தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, தாயார், மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு. பெரியப்பாவிடமும் சித்தப்பாவிடமும் கேட்டுவிட்டு அத்தைகளை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. அத்தை உயிரோடு இல்லை என்றால் அவருடைய வாரிசுகளிடம் கேட்க வேண்டும். பாட்டி எழுதிய பதில் கடிதங்களுக்கு இதே வேலையைத் தனியாகச் செய்யுங்கள்.

சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். கால அளவு குறிக்காத அனுமதியை 5 ஆண்டு என்றும், இடம் குறிக்காததை இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இணையத்துக்கு இரண்டுமே உதவாது. எனவே 'உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முடியும் வரை' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தெந்தக் கடிதம், எந்தத் தேதி, எந்தப் பகுதியை நீக்கியிருக்கிறீர்கள் என்பதும் அதில் வரட்டும்.

1948இல் ஸ்டூடியோவில் எடுத்த தாத்தா பாட்டி கல்யாணப் படம். பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறது. அவர்களிடம் அனுமதி வேண்டுமா?
– வாசகர், மதுரை

வேண்டாம். அன்றைய சட்டப்படி நெகட்டிவ் எடுத்ததிலிருந்து 50 ஆண்டு, அது முடிந்துவிட்டது. பிற்காலப் படங்களிலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஓசியில் நண்பர் எடுத்த படம் என்றால் உரிமை நண்பருக்கு.

600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, சிறிய ஜேபெக் படத்தை மட்டும் வெளியிடுங்கள். முத்திரையும் கைக்குறிப்பும் உள்ள பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். ஆப் மூலம் வண்ணம் ஏற்றினால், ஏற்றியது என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால், ஆப் ஊகித்த பச்சைதான் பாட்டியின் கூறைப்புடவை நிறம் என்று பேரப்பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன கொள்ளுத்தாத்தாவின் பதிவைக் கப்பல் பட்டியலில் கண்டுபிடித்தேன். என் பக்கத்தில் போடலாமா?
– வாசகர், வேலூர்

சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிப் போன 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை போன 1,52,184 பேருக்கும் தனித்தனி கூலி எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உயரம், அங்க அடையாளம் என்று பதிவில் இருப்பவை தகவல்கள்தான், தாராளமாக எழுதலாம். பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைக் கட்டண இணையதளத்திலிருந்து எடுத்திருந்தால் மட்டும், நீங்கள் 'ஏற்கிறேன்' என்று சொடுக்கிய விதிமுறைகளைப் பாருங்கள். பழைய பதிவுக்குப் பதிப்புரிமை தீர்ந்திருந்தாலும் அந்த ஒப்பந்தம் உங்களைக் கட்டும்.

கப்பல் பெயர், வந்த தேதி, கூலி எண் மூன்றையும் தவறாமல் கொடுங்கள். ஊர்ப்பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அந்த எழுத்துக்கூட்டலை மாற்றாமல் போட்டு, உங்கள் ஊகத்தை அடைப்புக்குறிக்குள் தாருங்கள்.

முழுக் குடும்ப மரத்தையும் கெட்காம் கோப்பாக (GEDCOM – குடும்ப மர மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் வடிவம்) இணையத்தில் ஏற்றினால் ஆபத்து உண்டா?
– வாசகி, கோவை

உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் உண்டு. இது பதிப்புரிமைப் பிரச்சினை அல்ல. பிறந்த தேதியும் தாயார் பெயரும் வங்கிகள் அடையாளம் சரிபார்க்கக் கேட்பவை. தத்து, மணவிலக்கு போன்றவையும் குறிப்புகளோடு சேர்ந்து போய்விடும். கிராம்ப்ஸ் (Gramps) என்ற குடும்ப மர மென்பொருளில் ஏற்றுமதி செய்யும்போது உயிருள்ளவர்களை விலக்கவும், தனிப்பட்டது என்று குறித்தவற்றை விடவும் வசதி இருக்கிறது. இறந்த தேதி குறிக்காத ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை மென்பொருள் வயதை வைத்துத்தான் ஊகிக்கும். பிறந்த வருடமும் காலியாக இருந்தால் கணக்குத் தவறலாம். அந்தப் பெயர்களை மட்டும் ஏற்றுமுன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.