பங்க் மண்ணும் பக்கத்து வீட்டுக் கிணறும்

கேள்வி: வீட்டை ஒட்டியுள்ள பெட்ரோல் பங்க்கில் பழைய டேங்க்கைத் தோண்டி எடுத்தார்கள். மழை முடிந்ததும் எங்கள் உறைகிணற்றில் பெட்ரோல் வாடை. கேட்டால், "எங்கள் ஆழமான போர் தண்ணீர் சுத்தம், தோண்டிப் போட்ட மண்ணும் டெஸ்ட்டில் பாஸ், வேண்டுமானால் ஒரு கண்காணிப்புக் கிணறு போடுகிறோம்" என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: நம்ப வேண்டாம் அம்மா. மூன்றுமே உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது.

முதலில் அந்த ஆழமான போர். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான். அதனால் அது நிலத்தடி நீரின் மேல்தான் மிதக்கும். ஆழமான போர் இழுப்பதோ அடியில் உள்ள நீரை. மேலே பெட்ரோல் நின்றாலும் அதன் ரிப்போர்ட் சுத்தமாக வரலாம்.

கண்காணிப்புக் கிணறு போடும்போது நான் முதலில் பார்ப்பது, நீர் உள்ளே வரக் குழாயின் பக்கவாட்டில் போட்ட துளைகள் எந்த ஆழத்தில் தொடங்கி எங்கே முடிகின்றன என்பதைத்தான். நம் பக்கம் கோடையில் நீர்மட்டம் இறங்கும், ஐப்பசி கார்த்திகையில் ஏறும். மழைக்கால மட்டத்துக்கு மேலே தொடங்கி, கோடை மட்டத்துக்குக் கீழே வரை துளைகள் இருக்க வேண்டும். மழையில் நீர் துளைகளுக்கு மேலே ஏறிவிட்டால், மிதக்கும் பெட்ரோல், குழாயின் துளையில்லாத பகுதிக்கு வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே எடுத்த நீர் நல்ல நீர் என்று வரும். மேலும், கோடையில் நீரோடு இறங்கிய பெட்ரோல் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். மழையில் நீர் ஏறி அந்த மண்ணைத் தொடும்போது கரைந்து வரும். உங்களுக்கு மழைக்குப் பின் வாடை வந்ததற்கு இது காரணமாக இருக்கலாம்.

ஒரு கிணறு போதாது. நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறியக் குறைந்தது மூன்று வேண்டும், அவை ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. கடலோர மணலில் கிணற்றுக்குக் கிணறு நீர்மட்டத்தில் சில சென்டிமீட்டர் வித்தியாசம்தான் இருக்கும். ஆகவே குழாய்களின் வாய் உயரத்தைச் சர்வே கருவியால் அளந்தே ஆக வேண்டும். ஒரு கிணறு உங்கள் மதில் ஓரமாக வரட்டும்.

குழாயைச் சுற்றிச் சுத்தமான மணல், அதன் மேல் நீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் பெண்டோனைட் களிமண், அதற்கு மேல் சிமெண்ட், பூட்டுள்ள மூடி. களிமண் அடைப்பு இல்லையென்றால் தரையில் சிந்திய டீசல் மழைநீரோடு நேரே உள்ளே இறங்கிவிடும். குழாய்கள் மரை போட்டு இணைத்தவையாக இருக்க வேண்டும். பிளம்பர் பசையின் கரைப்பான் லேப் முடிவிலேயே தெரியும்.

மண் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பெட்ரோலில் உள்ள, எளிதில் ஆவியாகும் நச்சுப்பொருளான பென்சீன், வெயிலில் குவித்த மண்ணிலிருந்து எப்போதோ பறந்திருக்கும். கிணற்றுக்காக நிலத்தில் துளை போடும்போதே மண்ணை முழு உருளையாக எடுக்க வேண்டும். அதன் மேல் கைக்கருவியால் ஆவியை அளந்து, அதிகம் காட்டும் இடத்திலும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயும் சுமார் 5 கிராம் மண்ணை உடனே, பென்சீன் பறக்காமல் பிடித்துவைக்கும் மெத்தனால் திரவம் உள்ள குப்பியில் போட்டு ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். பாலிதீன் பையில் கட்டிய மண் எதற்கும் உதவாது. தண்ணீர் மாதிரியும் அப்படியே: 40 மில்லி கண்ணாடிக் குப்பியில், ஒரு காற்றுக் குமிழி கூட இல்லாமல்.

இத்தனை கறார் எதற்கு? நம் பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சம் லிட்டருக்கும் அதிகமான நீரை அந்த அளவுக்குக் கொண்டுபோகும். உங்களுக்குப் பக்கத்துத் தண்டையார்பேட்டையில் 2013-ல் தரைக்கடியில் போன குழாய் கசிந்து வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

துளை போட்ட பதிவேட்டின் நகலை மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதும் மனுவோடு கேளுங்கள். குழாயின் துளைகள் எந்த ஆழத்தில் உள்ளன என்பது அதில் இருக்கும்.

கேள்வி: அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாமா?
– அதே வாசகி

பதில்: கூடாது. பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும், அதைத்தான் மூச்சில் இழுப்பீர்கள். குளிக்கவும் வேண்டாம். வாடை அடிக்கும் கிணற்றருகே மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள், விளக்கு ஏற்றாதீர்கள், தூர் வார யாரையும் இறக்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு இன்றே சொல்லிவிடுங்கள். சோதனை முடியும்வரை லாரித் தண்ணீர் தரும் பொறுப்பு பங்க்குக்கு உண்டு என்று மனுவிலேயே எழுதிக் கேளுங்கள்.