அப்பிச்சி வீட்டுக் கணக்கும் சேர்த்தி: புராஸ்டேட் புற்றுநோய், மரபணு – கேள்வி பதில்

“எங்கள் பங்காளிகள் யாருக்கும் புராஸ்டேட் புற்றுநோய் இல்லை. அம்மாவின் அப்பா, என் அப்பிச்சி, அறுபது வயதுக்குள் இந்த நோய் எலும்பில் பரவி இறந்தார். சின்னம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆனால் அவர்கள் வேறு கூட்டம். எனக்குக் கவலை உண்டா? வயது 52.” – கோபிசெட்டிபாளையம் வாசகர்

கூட்டம், அதாவது குலம், அப்பா வழியில் வரும். மரபணு அப்படிப் பார்த்து வருவதில்லை. உங்கள் குரோமோசோம்களில் பாதி அம்மா கொடுத்தவை. அறுந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் பி.ஆர்.சி.ஏ-2 என்ற மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் பழுது இருந்தால் பெண்களுக்கு மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடும். ஆண்களுக்குப் புராஸ்டேட்டில் வரும் வாய்ப்புக் கூடும், வந்தால் முரட்டு வகையாக இருக்கும் வாய்ப்பும் அதிகம். அப்பிச்சியின் நோயும் சின்னம்மாவின் நோயும் ஒரே பழுதிலிருந்து வந்திருக்கக்கூடும். உங்கள் அம்மா நோயே இல்லாமல் அதைச் சுமந்திருக்கலாம். சுமந்தால், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

2016இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் பரவிய நிலையில் இருந்த 692 ஆண்களைச் சோதித்தார்கள். 11.8 சதவீதத்தினரிடம் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவிக் கோளாறு இருந்தது. ஆகவே மரபணுச் சோதனை தேவைதான், ஆனால் முதலில் உங்கள் ரத்தத்தை அனுப்ப வேண்டாம். நோய் வந்தவரிடமிருந்து தொடங்குவதே முறை. சின்னம்மா இருந்தால் அவருக்குச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கோளாறு தெரிந்தால் பிறகு அம்மா, பிறகு நீங்கள். பி.ஆர்.சி.ஏ-2 பழுது உள்ள ஆண்கள் 40 வயதிலேயே பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் ரத்தச் சோதனை) பார்க்கத் தொடங்க வேண்டும் என்பது ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் பரிந்துரை. உங்களுக்கு 52 ஆகிவிட்டது, பி.எஸ்.ஏ.வை இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று இதையெல்லாம் மூடி வைக்கும் வீடுகள் நம் பக்கத்தில் அதிகம். மூடி வைப்பதால் முதலில் பாதிக்கப்படுவது சொந்த மகள்தான்.

“மரபணு எழுத்து மாறாமலேயே புற்றுநோய் வளரும் என்கிறார்கள். எப்படி?” – சென்னிமலை நெசவாளர்

உங்களுக்குச் சொல்வது எளிது. ஜக்கார்டு அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், பாவு இழை எழும். துளையின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினால் இழை எழாது, பூ விழாது. ஆனால் அட்டை கிழியவில்லை. டி.என்.ஏ.வின்மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்கூட்டம் ஒட்டுவதும் இப்படித்தான். இந்தத் துறைக்கு எபிஜெனடிக்ஸ் என்று பெயர்.

நச்சுப்பொருள்களை முறிக்கும் நொதிக்கான ஜி.எஸ்.டி.பி-1 மரபணு, புராஸ்டேட் புற்றில் இப்படி அடைபட்டிருப்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1994இல் காட்டினார்கள். பத்தில் ஒன்பது கட்டிகளுக்கு மேல் இது காணப்படுகிறது. ஊசி வைத்து எடுத்த திசுவில் புற்று தென்படாவிட்டாலும், பக்கத்தில் ஒளிந்திருக்கிறதா என்று இந்த ஒட்டுக்குறியைக் கொண்டு தேடும் சோதனைகூட வந்துவிட்டது. 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் குழு, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் மெத்தில் ஒட்டும் இ.இசட்.எச்-2 என்ற நொதி, பரவிய புராஸ்டேட் புற்றில் மிகுந்திருப்பதைக் கண்டது.

ஒட்டியதைப் பிரிக்க முடியும் என்பதுதான் இதன் கவர்ச்சி. சில ரத்தநோய்களில் அசாசிடிடின் என்ற மருந்து அந்த வேலையைச் செய்கிறது. புராஸ்டேட்டில் இ.இசட்.எச்-2வை அடக்கும் மாத்திரைகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ‘எபிஜெனடிக் டயட்’ என்று விற்கிறவரிடம் காசு கொடுத்துவிடாதீர்கள்.

“என் கட்டியில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்-2, ஈ.ஆர்.ஜி. இணைவு என்று அறிக்கை சொல்கிறது. மகன்களுக்கும் வருமா?” – பொள்ளாச்சி

அந்த இணைவு வராது. 21ஆம் குரோமோசோமில் உள்ள இரண்டு மரபணுக்கள் உங்கள் சுரப்பியின் செல்லில் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. விந்தணுவில் அது இல்லை. 2005இல் அதைக் கண்டுபிடித்ததும் சின்னையன் குழுதான். ஆனால் அப்பாவுக்கு நோய் என்பதே மகனுக்கு அபாயத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். 45 வயதிலிருந்து பி.எஸ்.ஏ. பார்க்கட்டும்.

“தாய்மாமாவுக்கு பி.ஆர்.சி.ஏ-2 பழுது உறுதியாகிவிட்டது. அவர் மகளை எனக்குப் பேசியிருக்கிறார்கள். கட்டலாமா?” – பெருந்துறை

மாமன் மகளுக்குப் பாதி வாய்ப்பு. மாமாவுக்கு அது பெற்றோரிடமிருந்து வந்திருந்தால் உங்கள் அம்மாவுக்கும் பாதி, உங்களுக்குக் கால்வாசி. இருவருக்கும் இருந்தால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் பழுதாகிப் பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அதுதான் ஃபான்கோனி ரத்தசோகை: எலும்பு மஜ்ஜை ஓய்ந்துபோகும், சிறுவயதிலேயே புற்றுநோய் வரலாம். எந்தப் பழுது என்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும். ஜாதகம் கொடுக்கும் வாரத்திலேயே இருவரும் ரத்தம் கொடுங்கள். ஒருவருக்கு இல்லை என்றாலும் இந்த ரத்தசோகை பற்றிய பயம் தீர்ந்தது.

“தடுப்புக்கு வைட்டமின் ஈ மாத்திரை?” – கரூர்

வேண்டாம். 35,000 ஆண்களுக்கு மேல் சேர்த்து அமெரிக்காவில் நடத்திய பெரும் ஆய்வில், அதைத் தினமும் விழுங்கியவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது.